மச்சான் ஊற்றிய தேத்தண்ணி

எனக்கு மூத்த ராத்தாவின் புருசன் கலந்தர் மச்சானுக்குத் தேயிலையைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. தேத்தண்ணி ஊற்றத்தான் தெரியாது. நையாண்டிக்குச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அடுத்த வளவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன். றம்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

மச்சான் மீன் லொறி ஓட்டியவர். சாய்ந்தமருதுக் கடற்கரையில் பின்னேரம் ஐஸ் போட்டு ஏற்றினால், சியம்பலாண்டுவ, மொனராகலை என்று ஏறி, விடிவதற்குள் பண்டாரவளைச் சந்தைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது சீற்றுக்கு அடியில் ஒரு தேயிலைப் பொதி இருக்கும். அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஆள் பிடித்து வைத்திருந்தார். அந்த மனிசனுக்கு இவர் பாரைமீன் கொடுப்பார், அவர் இவருக்கு இலைத் தேயிலை கொடுப்பார். கடையில் விற்கிற தூளை மச்சான் மனிதர் குடிக்கிற சாமானாகவே மதிப்பதில்லை.

வீட்டில் வந்து இறங்கியதும் பொதியைப் பிரித்து, ஒரு நுள்ளு இலையை உள்ளங்கையில் போட்டு, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார்.

“இது மழைக்கு முதல் எடுத்த கொழுந்து” என்பார்.

நாங்கள் என்ன தோட்டத்திலா பிறந்தோம், மறுத்துக் கதைக்க? ஓம் ஓம் என்று தலையாட்டுவோம். அதன் பிறகு அந்தப் பொதி திரைச்சீலைக்கு அப்பால் போய்விடும். தேத்தண்ணியாகித் திரும்பி வரும்வரை அதற்கு என்ன நடக்கிறது என்பது மச்சானின் யோசனைக்கு வெளியே இருந்தது.

அந்தத் திரைச்சீலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்தவருக்கு முன் மண்டபத்தில் ஒரு கதிரை. குசினிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. எங்கள் உம்மா மவுத்தாகும்வரை மருமகனுக்கு முன்னால் வந்து நின்றதில்லை, திரைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பாள். மற்ற மாப்பிள்ளைமார் என்றால் பிள்ளை ஒன்று பிறந்ததும் மெல்ல மெல்லக் குசினிக்குள் தலையை நீட்டி, தேங்காய் துருவிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிடுவார்கள். கலந்தர் மச்சான் மட்டும் மாப்பிள்ளையாகவே இருந்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு வீட்டையே புதிதாகக் கட்டினோம், திரைச்சீலை நாலைந்து தரம் மாறியது, அவர் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. போக வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. வாருங்கள் என்று ராத்தாவும் கூப்பிடவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வருவார். கதிரையில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். கேட்கவே வேண்டாம், தட்டத்தில் ஒரு கோப்பை வரும். நல்ல தடிப்பான சாயம், தனியே அடித்த பால்மா, இரண்டு கரண்டி சீனி, பக்கத்தில் ஒரு பணிஸ். யாராவது வந்திருந்தால் அவர்களுக்கும் வரும். “எப்பிடி என்ட தேயில?” என்று மச்சான் கேட்பார். வந்தவர்கள் புகழ்வார்கள். ஊற்றியவளைப் பற்றி அங்கே கதையே வராது. எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். என் புருசன் ஆயுளில் பாதிக்குமேல் சவூதியில் இருந்து அங்கேயே மவுத்தான மனிதர். என் வீட்டில் மாப்பிள்ளைக் கதிரை சும்மாதான் கிடந்தது. தேத்தண்ணியை நானே ஊற்றி நானே குடித்துப் பழகினவள். அதனால் எனக்குச் சில விசயங்கள் விளங்காமலே போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை ராத்தா விழுந்தாள். பாரிசவாதம். வலது கையும் காலும் போயிற்று, கதை போயிற்று. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, சொல்லத்தான் வழியில்லை என்று டொக்டர் சொன்னார். எழுதியாவது காட்டட்டும் என்று இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். இரண்டு கோணல் கோடு இழுத்துவிட்டுப் பென்சிலைப் போட்டுவிட்டாள். கதையோடு எழுத்தும் போய்விடுமாம். ஓமா இல்லையா என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்காகச் சண்டை பிடித்த வாய் அது. நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை. ராத்தா குடிக்கிறாள் இல்லை. கஞ்சியில் நாலு கரண்டி உள்ளே போனால் பெரிய காரியம். தண்ணீர் என்றால் இரண்டு மிடறு, பிறகு உதட்டை இறுக்கிக்கொள்வாள். சூப், செவ்விளநீர், டின்னில் வந்த மா எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. விழுங்குவதற்கு ஒரு தடையும் இல்லை, வாய்தான் திறக்கிறாள் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, வியாழக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், இப்படியே இருந்தால் மூக்கால் குழாய் போடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் குழாயைப் பற்றி ராத்தாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்த மனிசிக்கு அது போட்டிருந்தது. அந்த மனிசி அதை இழுத்துவிடுவாள் என்று கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ராத்தா அதைப் பார்த்துவிட்டு மச்சானின் விரலைப் பிடித்தபடி விடவில்லை. மச்சான் அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

“ஒனக்கு அதப் போட நான் உடமாட்டன் புள்ள. அல்லாஹ் மேல ஆணையா உடமாட்டன்.”

வாக்குக் கொடுக்கிறது லேசு. கையில் ஆறு நாள்தான் இருந்தது.

மகள் நஸ்லா கட்டாரில் இருக்கிறாள், புருசன் பர்ஸானோடு. வயிற்றில் ஏழு மாதம், விமானம் ஏற டொக்டர் விடவில்லை. நாளுக்கு நாலு தரம் போனில் முகத்தைக் காட்டி அழுவாள். நாங்கள் ராத்தாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்போம். ராத்தா இடது கையால் திரையைத் தடவுவாள், படம் நின்றுவிடும்.

சனிக்கிழமை மச்சானுக்கு யோசனை வந்தது.

“றம்லா, அவள் அஸருக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்காம இருந்ததே இல்ல. நாம என்னென்னமோ குடுக்கிறம், தேத்தண்ணி குடுத்தமா?”

ஓம், கொடுக்கவில்லைதான். ஆஸ்பத்திரியில் தந்த தேத்தண்ணியைத் தொடவில்லை என்பதால் விட்டுவிட்டோம். நான் ஓடிப்போய் என் வீட்டில் ஊற்றுகிற மாதிரித் தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து வடித்துக் கொண்டுவந்தேன். ராத்தா ஒரு கரண்டியோடு உதட்டை மூடினாள். மச்சான் மிச்சத்தை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“மச்சி, கோவிக்காதீங்க. இதக் குடிக்கிறத விட அவள் வாய மூடிக்கிட்டு இருக்கிறது நல்லம்.”

“அப்ப நீங்க ஊத்துங்களன்! முப்பத்தெட்டு வருசமாக் குடிச்சவர் நீங்கதானே” என்றேன். எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

மனிதர் எழும்பினார். சாரத்தை ஒருக்கா இறுக்கிக் கட்டினார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே போனவருக்கு அடுப்பை மூட்டத் தெரியாது. நெருப்புப் பெட்டி எங்கே என்று தெரியாது. சீனி என்று நினைத்து உப்புப் போத்தலைத் திறந்தார். கடைசியில் கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு பிடி இலையை அள்ளிப் போட்டு, அது கறுத்துக் கசந்து நாசமாகிவிட்டது. மச்சான் அதைப் பார்த்தபடி நின்றார். அறுபத்துநாலு வயது மனிதர், தன் வீட்டுக் குசினியில் இரவல் வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார். திட்ட வாயெடுத்தவள் சட்டியை வாங்கிக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு மாதிரித் தொடங்கினார். முன் மண்டபத்துக் கதிரையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

“என்ன மச்சான் செய்றீங்க?”

“கேட்டுப் பாக்கிறன். நான் உள்ள வந்து பாக்கல்லதான். காது இரிக்கிதானே.”

முப்பத்தெட்டு வருடம் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட சத்தங்களை மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். முதலில் பீங்கான் கேத்தலின் மூடி கழலும் சத்தம். பிறகு கொஞ்சத் தண்ணீர் விழும், சுழலும், கானில் கொட்டப்படும். அது கேத்தலைச் சூடாக்குவதற்காக இருக்கவேண்டும். பிறகு கரண்டி தகர டப்பாவில் படும், மூன்று தரம். பிறகு நிறையத் தண்ணீர் விழும். மூடி விழும். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“அந்த நேரம் நான் பேப்பர்ல கடைசிப் பக்கம் வாசிப்பன். விளையாட்டுச் செய்தி. அது முடியவும் கோப்பயில கரண்டி கிண்டுற சத்தம் வரும். தட்டம் வரும்.”

“அவ்வளவுதானா?”

“நான் குடிக்கத் தொடங்கினாப் பிறகு இன்னொருக்கா தண்ணி விழும். அது கேத்தல் கழுவுற சத்தம்.”

அந்தப் பீங்கான் கேத்தல் அலுமாரிக்கு மேல் இருந்தது, மூக்கில் ஒரு வெடிப்போடு. இறக்கிக் கொடுத்தேன். அன்றைக்கும் திங்களுக்கும் மச்சான் பழகினார். ஒருக்கா கொதித்து ஆறிய தண்ணீரைத் திருப்பிச் சூடாக்கி ஊற்றினார், தேத்தண்ணி செத்துப்போயிருந்தது. புதுத் தண்ணீர் பிடித்து, அது தளதளவென்று கொதித்த உடனே ஊற்றினார், வாசம் வந்தது. ஆனால் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் சூடு போயிற்று. கடைசியில் மூடியில் ஒரு துவாயைப் போட்டுவிட்டு, பழைய பேப்பர் ஒன்றின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு குசினியிலேயே நின்று முழுதும் வாசித்தார். எந்த நாடு எந்த நாட்டிடம் தோற்றதோ, மனிதரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினார். குடித்தேன். அது ராத்தாவின் தேத்தண்ணி. அதே நிறம், அதே தடிப்பு, தொண்டையில் இறங்கின பிறகு நிற்கிற அதே வாசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சரி மச்சான், இதுதான்” என்றேன். என் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

இரண்டு பேரும் ராத்தாவின் கட்டிலுக்குப் போனோம். குசினிக்கு அடுத்த அறையில்தான் கட்டில். வசதிக்காகத் திரைச்சீலையைத் தூக்கிக் கட்டியிருந்தோம், படுத்திருந்தே அடுப்படி தெரியும். நான் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். மச்சான் கரண்டியில் எடுத்து ஊதி உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“குடி புள்ள. நான் ஊத்தின. என்ட கையால.”

ராத்தா மணந்து பார்த்தாள். மச்சானின் முகத்தை வடிவாகப் பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

மச்சான் கெஞ்சினார், மன்றாடினார், கடைசியில் கொஞ்சம் சத்தமும் போட்டார். ராத்தா இடது கையைத் தூக்கினாள். குசினி மேசையில் இருந்த கேத்தலைக் காட்டினாள். கையைக் கவிழ்த்துச் சரித்தாள். திரும்பவும் காட்டினாள், திரும்பவும் சரித்தாள்.

“கொட்டச் செல்றாள்” என்றார் மச்சான். “சரியில்லயாம், கொட்டட்டாம்.”

கேத்தலைத் தூக்கிக்கொண்டு போய், இலையும் தண்ணியுமாகக் கானில் கவிழ்த்தார். அதைப் பார்த்த ராத்தாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. பிறகு உள்ளங்கையை விரித்து எங்களுக்கு முன்னால் நீட்டினாள். விரித்தபடியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“துஆக் கேக்கிறா” என்றேன் நான், பெரிய அறிவாளி மாதிரி.

மச்சானும் கட்டிலடியில் இருந்து கையை ஏந்தினார். யா அல்லாஹ், இவளுக்குச் சுகத்தைக் கொடு என்று அழுது அழுது கேட்டார். நான் ஆமீன் ஆமீன் என்றேன். துஆ முடிந்து நாங்கள் முகத்தைத் தடவிக்கொண்டோம். ராத்தாவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே அதை மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு மச்சான் சாப்பிடவில்லை. “நாளைக்கு ஒரு நாள்தான் இரிக்கி றம்லா” என்று மட்டும் சொன்னார். சுகமில்லாத ஒருவர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டால், சுற்றி நிற்கிறவர்கள் எத்தனை பேராக இருந்தும் என்ன பயன்? அந்த உதடு இரண்டையும் விடப் பலமான கதவு உலகத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது.

புதன்கிழமை அவர் திரும்பவும் ஊற்றினார். நம்பிக்கையோடு ஊற்றினதாகத் தெரியவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஊற்றினார். கோப்பையில் வடித்துப் பால் கலக்கிக்கொண்டிருந்தபோது நஸ்லாவின் போன் வந்தது. உள்ளே சிக்னல் நிற்காது. கோப்பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனோடு முற்றத்துக்குப் போனார். ராத்தா கோப்பையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு இடத்தில் சும்மா இருக்க வராது. கேத்தலையாவது கழுவுவோம் என்று போனேன். அடியில் இலை அப்பிக்கிடந்தது. அது கிளம்பட்டும் என்று அடுப்பில் மிச்சமிருந்த சுடுதண்ணீரை உள்ளே ஊற்றினேன்.

அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விழுந்த நாளிலிருந்து ராத்தாவின் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம். கேத்தலோடு திரும்பிப் பார்த்தேன். ராத்தா முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கேத்தலில் இருந்தது. கை நீட்டியிருந்தது.

“இது கழுவின தண்ணி ராத்தா” என்றேன்.

அவள் கையைக் கவிழ்த்துச் சரித்தாள். நேற்றைக்குக் காட்டின அதே சரிப்பு. கொட்டுகிற சரிப்பு இல்லை அது. ஊற்றுகிற சரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கதிரையில் இருந்து சொன்ன கடைசிச் சத்தம் ஞாபகம் வந்தது. அவர் குடிக்கத் தொடங்கின பிறகு இன்னொருக்கா விழுகிற தண்ணீர். கேத்தல் வைக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பேணி எப்போதும் கவிழ்ந்து கிடக்கும். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறது என்று நினைத்திருந்தேன். எடுத்து உள்ளே பார்த்தேன். தேயிலைக் கறை, வளையம் வளையமாக, வருடக்கணக்காகப் படிந்த கறை.

கேத்தலை மூடிவைத்துக் கொஞ்சம் பொறுத்து அந்தப் பேணியில் வடித்தேன். வெளிறிய மஞ்சள் தண்ணி. பால் இல்லை. சூடு தணிந்ததும் கரண்டியில் கொடுத்தேன். ராத்தா வாயைத் திறந்தாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. பிறகு கரண்டியைத் தட்டிவிட்டு, பேணியின் விளிம்பிலேயே உதட்டை வைத்தாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அது துஆ இல்லை. சீனி. வெறுந்தேத்தண்ணி குடிக்கிற எங்கள் பெண்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி போட்டு நக்கிக்கொண்டு குடிப்பார்கள். நான் எத்தனை ஆயிரம் தரம் பார்த்திருப்பேன்! அந்தக் கைக்குத்தான் நேற்று ஆமீன் சொல்லியிருக்கிறேன். ஒரு நுள்ளுச் சீனியைப் போட்டேன். ராத்தா நக்கினாள், குடித்தாள், நக்கினாள், குடித்தாள். பேணியில் முக்கால்வாசி முடிந்தது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறவள் மாதிரி அழுதேன்.

சத்தம் கேட்டு மச்சான் போனோடு ஓடிவந்தார். போனில் நஸ்லா, “என்ன, என்ன, உம்மாக்கு என்ன?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“குடிக்கிறா” என்றேன். “ரெண்டாந்தண்ணி. நீங்க குடிச்ச இலையில திருப்பி ஊத்தின தண்ணி.”

மச்சானுக்கு விளங்கவில்லை. நஸ்லாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஓம் சாச்சி, உம்மா எப்பவும் ரெண்டாந்தண்ணிதானே குடிப்பா. ஒங்களுக்குத் தெரியாதா? பக்கத்திலேயே இரிக்கீங்க, தெரியுமெண்டுதான் நினைச்சன்.”

“ஏன்டி நீ செல்லல்ல?”

“நீங்க ஆரும் கேக்கலயே.” பிறகு சொன்னாள், “நானும் அப்பிடித்தான் குடிக்கிற. பர்ஸானுக்குப் போட்ட டீ பேக்ல திருப்பி ஊத்தி. பழகிட்டு சாச்சி, நல்லாத்தான் இரிக்கும்.”

எனக்கு அவளை ஏசவேண்டும் போல இருந்தது. வயிற்றில் ஏழு மாதத்தோடு இருக்கிற பிள்ளையை என்னவென்று ஏசுவது?

மச்சான் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பேணியை வாங்கினார். அடியில் கிடந்ததைக் குடித்தார். தேயிலையை மணந்தே மழைக்கு முதலா பிறகா என்று சொல்கிற மனிதர். அவர் வாயில் அந்தத் தண்ணி கொஞ்ச நேரம் நின்றது. விழுங்கினார். கட்டிலில் உட்கார்ந்தார்.

“இதயா நீ குடிச்ச? முப்பத்தெட்டு வருசமும் இதயா?”

ராத்தா தலையாட்டினாள்.

“நான் பொதி பொதியாக் கொண்டந்து போட்டன் புள்ள. ஒனக்குப் பத்தாதெண்டா கொண்டந்த? நான் வேணாமெண்டு ஒருநாளும் செல்லல்லயே.”

“செல்லல்ல மச்சான்” என்றேன் நான். “கேக்கவும் இல்ல.”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அது எனக்கும் சேர்த்துத்தான் சொன்னது. வேலியோரம் நின்று நாளுக்கு இரண்டு மணித்தியாலம் இவளோடு கதைத்தவள் நான். கையில் அந்தப் பேணி இருந்திருக்கும். உள்ளே என்ன என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தேனா?

மச்சான் ராத்தாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் சீனி பிசுபிசுத்தது.

“ஒனக்கு இதுதான் விருப்பமா? இல்லாட்டி மிச்சம் புடிக்கவா குடிச்ச?”

ராத்தா தலையாட்டினாள்.

“விருப்பத்திலயா?”

தலையாட்டினாள்.

“மிச்சம் புடிக்கவா?”

அதே மாதிரித் தலையாட்டினாள்.

மச்சான் திரும்பத் திரும்பக் கேட்டார். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார். இதற்கு மறுமொழி சொல்லக்கூடியவள் ஒருத்திதான், அவளுக்கு வாய் இல்லை. வாய் இருந்த காலத்தில் கேட்பதற்கு அவருக்குக் கேள்வி இருக்கவில்லை. கடைசியில் நான் அவரைத் தோளில் தொட்டு, “காணும் மச்சான், அவவுக்குக் களைக்கிது” என்றேன்.

வியாழக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். காலையில் ஒரு பேணி, போகும் முன் அரைப் பேணி, சீனியோடு. அது உள்ளே போனதும் கஞ்சியும் பின்னாலேயே போயிருந்தது. டொக்டர் நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். இப்போதைக்குக் குழாய் வேண்டாம், இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றார். அல்ஹம்துலில்லாஹ். இரண்டு கிழமைக்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மச்சான் ஒரு வேலை பார்த்தார். புது இலையை ஒரு கரண்டி மட்டும் போட்டு, வெளிறலாக முதல் தண்ணியே ஊற்றி, பேணியில் கொண்டுபோய்க் கொடுத்தார். இனி இவளுக்கு முதல் தண்ணிதான் என்பது அவருடைய முடிவு. ராத்தா குசினியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள்தானே. வாய் திறக்கவில்லை. சரியென்று அடுத்த தரம் முதல் தண்ணியைக் கானில் கொட்டிவிட்டு இரண்டாவதை ஊற்றிக் கொண்டுபோனார். அவர் கொட்டியதையும் கண்டுவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனிதர் பேணியைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார்.

இப்போது ஒழுங்கு ஒன்றுதான். அஸர் தொழுதுவிட்டு வந்து மச்சான் குசினிக்குப் போவார். கேத்தலைச் சூடாக்குவார், மூன்று கரண்டி இலை போடுவார், தண்ணீர் ஊற்றி மூடுவார், கடைசிப் பக்கத்தை வாசிப்பார். தனக்குரிய கோப்பையில் தடிப்பாக வடித்து, பால்மா அடித்து, இரண்டு கரண்டி சீனி போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வந்து உட்காருவார். ராத்தா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கடைசி மிடறு குடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினால்தான் அவளுக்குரியதற்கு வாய் திறப்பாள். அரைவாசியில் வைத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. எடுத்துக் குடிக்கிறார் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காதே.

“எப்பிடி மச்சான் ஒங்கட தேயில?” என்று கேட்டேன்.

“தேயில திறம்தான் றம்லா” என்றார். “தொண்டைக்கால எறங்குதில்ல.”

ராத்தா இடது கையை நீட்டி, கோப்பையின் அடியைத் தொட்டு, அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு முழுதையும் குடித்தார். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு எழும்பிப் போய், அதே இலையில் இரண்டாவது தண்ணியை ஊற்றினார்.